லோயர் பிரிம்பிளில் அப்பா வைத்த பொட்டு

அரைத்த சந்தனத்தோடு கிரீஸ் வாசனையும் கலந்து வந்தால் அன்றைக்கு ஆயுத பூசை என்று கண்ணை மூடிக்கொண்டே சொல்லிவிடுவேன். சிங்கப்பூரின் செம்பவாங்கில், வெள்ளைக்காரர்களின் கடற்படைத் தளமாக இருந்து பிறகு கப்பல் பட்டறையாக மாறிய இடத்தை ஒட்டி, தொழிலாளர்களுக்குக் கட்டிய வரிசை வீடுகளில் ஒன்றில் நாங்கள் இருந்தோம். அதற்கு எங்கள் வாயில் “குவாட்டர்ஸ்” என்று பெயர். பட்டறையில் பாரம் தூக்கும் சங்கிலிகளைப் பழுது பார்த்துவந்த அப்பா, அன்று ஸ்பேனர், சுத்தியல், சைக்கிள், அம்மாவின் தையல் மெஷின் என்று கையில் அகப்பட்டதற்கெல்லாம் சந்தனம் வைத்து, அதன் மேல் குங்குமம் வைப்பார். கடைசியாக நாற்காலியில் ஏறி நின்று, கூடத்துச் சுவரில் தொங்கிய ஓர் இங்கிலாந்துக் கிராமத்துக்கும் வைப்பார்.

ஆமாம், கிராமத்துக்குத்தான். அப்பாவுக்கு மேலதிகாரியாக இருந்த ஹார்வி என்ற வெள்ளைக்காரர், ஊர் நினைப்பு வந்த நாட்களில் தம் சொந்த ஊரான லோயர் பிரிம்பிளைக் கெட்டிக் காகிதத்தில் மையால் வரைந்து வைத்திருந்தார். தளத்தைக் காலிசெய்துகொண்டு அவர்கள் கிளம்பியபோது, அதை அப்பாவின் கையில் கொடுத்துவிட்டுப் போனார். அதற்கு மரச்சட்டம் உண்டு, கண்ணாடி கிடையாது. “சோறு போட்ட எடத்துலேருந்து வந்தது, சும்மா வுட முடியுமா?” என்பது அப்பாவின் கட்சி. “மேப்புக்குப் பொட்டு வச்சாச்சு, அப்படியே ஒரு பொடவையும் கட்டிவுடுங்க” என்பது அம்மாவின் கட்சி.

நான் எழுத்துக்கூட்டி ஆங்கிலம் படித்ததே அந்த வரைபடத்தில்தான். வடக்கே பழுப்புக் கோடுகளில் இரண்டு குன்றுகள், அவற்றின் நடுவே இறங்கி வரும் ஆறு, மேற்கிலிருந்து வந்து அதில் சேரும் ஓடை, மேட்டில் தேவாலயம், கரையில் மாவரைக்கும் ஆலை. ஓரத்தில் பொடி எழுத்தில் ஊரின் வரலாற்றையும் ஹார்வி எழுதியிருந்தார்: பழைய பாலத்தை வெள்ளம் அடித்துக்கொண்டு போனதும், புதுப் பாலத்தை மேலே தள்ளிக் கட்டியதும், ஆலைக்காரரும் பாதிரியாரும் ஒரு வாய்க்காலுக்காகச் சண்டை போட்டு ஆயுள் முழுக்கப் பேசாமலே இருந்ததும் எனக்கு மனப்பாடம். தேக்கா சந்தையில் அம்மாவின் கையை விட்டால் தொலைந்துபோகிற நான், லோயர் பிரிம்பிளில் கண்ணைக் கட்டி விட்டாலும் ஆலைக்குப் போய்ச் சேர்ந்திருப்பேன்.

ஐந்தாம் வகுப்பில் மிஸஸ் லிம் ஒரு வேலை கொடுத்தார். ஆளுக்கொரு ஊரைத் தேர்ந்தெடுத்து, அதன் புவியியலையும் வரலாற்றையும் மாதிரி வடிவில் செய்து காட்ட வேண்டும். சிறந்தது வட்டாரப் பள்ளிகளின் கண்காட்சிக்குப் போகும். மற்றவர்கள் சிராங்கூன் சாலை, டோபி காட் என்று உள்ளூர் இடங்களைச் செய்தபோது, நான் பழைய செய்தித்தாளை ஊறவைத்துக் குன்றுகள் செய்தேன், தீப்பெட்டிகளை வீடுகளாக்கினேன். அழகில் என்னுடையதுதான் முதல். ஆனால் பள்ளி நூலகத்து அட்லஸில் அப்படி ஓர் ஊரே இல்லை. “இல்லாத ஊரச் செஞ்சிருக்கா லா, கதை விடுறா” என்று வகுப்பே சிரித்தது. மிஸஸ் லிம்முக்கும் சந்தேகம்தான். கண்காட்சிக்கு அனுப்புகிறேன், ஆனால் நடுவர் ஒரு தவறு கண்டுபிடித்தாலும் மேசையிலிருந்து எடுத்துவிடுவேன் என்றார். எனக்கு என்னைப் பற்றிக்கூடக் கவலையில்லை. அப்பாவின் ஊர் பொய் என்று ஆகிவிடக் கூடாதே என்பதுதான் பயம்.

நடுவர் ஓர் ஆங்கிலேயர், சிங்கப்பூரில் பல காலம் புவியியல் கற்பித்தவர். லோயர் பிரிம்பிளைக் கேள்விப்பட்டதில்லை, ஆனால் அது போன்ற ஆற்றங்கரையில் வளர்ந்தவன் நான் என்று சொல்லிவிட்டு, என் மேசை முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்துகொண்டார். பின்னால் சுவரில் அசல் வரைபடம் தொங்கியது. அரைநாள் விடுப்பு எடுத்திருந்த அப்பா, நீல வேலைச்சட்டையோடு கூட்டத்தில் நின்றார்.

தேவாலயம் ஏன் மேட்டில் இருக்கிறது என்று நடுவர் கேட்டார். வெள்ளத்துக்குப் பயந்து என்றேன். பாலத்தை ஏன் தள்ளிக் கட்டினார்கள்? பழைய இடத்தில் கரை தாழ்வு. ஓடையும் ஆறும் சேர்கிற இந்தப் பள்ளத்தில் மழைக்காலத்தில் என்ன ஆகும்? எங்கள் குவாட்டர்ஸுக்குப் பின்னால் கடல் ஏறும்போது கால்வாய் நிரம்பி வழிவதைப் பார்த்தவள் நான். தண்ணீர் நிற்கும் என்றேன்.

“அப்படியானால் அங்கே யார் தபால் நிலையம் கட்டினார்கள்?” என்றார்.

வரைபடத்தில் எல்லா வீடுகளும் கறுப்புக் கட்டங்கள்; அந்தப் பள்ளத்தில் மட்டும் சிவப்பாக ஒன்று இருந்தது. தபால் பெட்டி சிவப்பு, ஆகவே அது தபால் நிலையம் என்று நானாக முடிவு செய்து, சிவப்புக் கூரையோடு கம்பீரமாக ஒட்டியிருந்தேன். என் வாயாலேயே அது இருக்க முடியாது என்று இப்போது சொல்லியும் விட்டேன். மிஸஸ் லிம் மேசையை நோக்கி நகர்ந்தார்.

“ஐயையோ! அது வீடு இல்ல லா, நான் வச்ச பொட்டு!”

கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு அப்பா முன்னால் வந்தார். “வருசா வருசம் நாலு மூலையிலதான் வப்பேன். ஒரு தடவ ஒன்ன இடுப்புல வச்சிக்கிட்டு ஏறினேன், நீ ஒதைச்ச, கை நடுவுல பட்டுருச்சு. தொடச்சேன், போவல.”

அவருக்கு ஆங்கிலத்தில் அவ்வளவையும் சொல்ல வராது. பத்து வயதில் நான்தான் அந்த மண்டபத்தில் நின்று, ஆயுத பூசை என்றால் என்ன, சங்கிலிக்கும் சுத்தியலுக்கும் ஏன் பொட்டு, பிழைப்புக் கொடுத்த இடத்திலிருந்து வந்த ஒரு காகிதத்துக்கு ஏன் பொட்டு என்று விளக்கினேன். சொல்லச் சொல்ல எனக்கே தைரியம் வந்தது. தபால் நிலையத்தை என் கையாலேயே பிடுங்கி எடுத்து, “ஊர் உண்மை, இந்த வீடு மட்டும்தான் தப்பு” என்றேன். நடுவர் அப்பாவின் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டு, ஆற்றைப் படித்து வீட்டைத் தப்பென்று சொல்லத் தெரிந்த பெண்ணுக்குத்தான் முதல் பரிசு என்றார். பரிசு ஒரு பெரிய அட்லஸ். அதிலும் லோயர் பிரிம்பிள் இல்லை. அன்று மாலையே பேனாவால் எழுதிச் சேர்த்தேன். வகுப்பில் அதற்குப் பிறகு யாரும் சிரிக்கவில்லை. பூரிப்பு என்றால் என்ன என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன்.

குவாட்டர்ஸ் இப்போது இல்லை. அந்தக் கால்வாயும் கான்கிரீட்டுக்குள் ஒடுங்கிவிட்டது. அம்மாவும் போய்விட்டார். மார்சிலிங்கில் பதினோராவது மாடியில், என் வீட்டுக் கூடத்தில், அப்பாவும் வரைபடமும் இருக்கிறார்கள். போன வருடம் அதைப் படமெடுத்து லோயர் பிரிம்பிளின் ஊர்க் கூடத்துக்கு மின்னஞ்சலில் அனுப்பினேன். அதன் செயலாளரான பெண்மணி ஒரே நாளில் பதில் போட்டார். ஆலை இடிந்துவிட்டதாம், ஓடையைக் குழாய்க்குள் விட்டுவிட்டார்களாம், பாதிச் சந்துகளின் பெயர்கூட யாருக்கும் நினைவில்லையாம். இப்படி ஒரு வரைபடம் அவர்களிடம் இல்லவே இல்லை, பெரிதாக அச்சிட்டுச் சுவரில் மாட்ட அனுமதி வேண்டும் என்று கேட்டிருந்தார். கூடவே மாதிரிப் படம். பள்ளத்தில் இருந்த கறையைக் கணினியில் சுத்தம் செய்துவிட்டதாகப் பெருமையாக எழுதியிருந்தார்.

கறை என்ற சொல்லைப் பார்த்ததும் பத்து வயதுக் கோபம் அப்படியே வந்தது. அந்தப் பொட்டு இருந்தால் ஊர் இருக்கும், இல்லாவிட்டால் என் வரைபடம் கிடையாது என்று எழுதி, அதன் கதையையும் இரண்டு பக்கத்துக்கு எழுதினேன்.

சென்ற வாரம் புகைப்படம் வந்தது. அந்த ஊர்க் கூடத்துச் சுவரில் ஆளுயரத்துக்கு லோயர் பிரிம்பிள், பள்ளத்தில் சிவப்பாகப் பொட்டு, பக்கத்தில் அப்பாவின் பெயரோடு நான் எழுதிய விளக்கம், அதைப் படித்துக்கொண்டு நிற்கும் ஊர்க்காரர்கள். எண்பத்தைந்து வயது அப்பா, பூதக்கண்ணாடி வைத்து நெடுநேரம் பார்த்தார்.

“எல்லாம் சரி. அங்க வருசா வருசம் யாரு பொட்டு வைக்கிறது?”

டிக்கெட் எடுத்துவிட்டேன், இரண்டு பேருக்கு. குங்குமம் நேற்றே தேக்காவில் வாங்கியாயிற்று.