நகம் இடறாத மூட்டு

மருதமுனையில் கச்சிமுகம்மதை வீட்டுக்குக் கூப்பிடுகிறவர்கள் ஒரு விசயத்துக்கு ஆயத்தமாக இருக்கவேண்டும். தேத்தண்ணி வரும்வரை மனுசன் கதிரையில் இருக்கமாட்டார். எழும்பிக் குசினிக்குள் போய், சமையல் மேடையில் இரண்டு கல்லும் சேருகிற மூட்டைத் தேடிப் பிடித்து, கண்ணை மூடிக்கொண்டு பெருவிரல் நகத்தைக் குறுக்கே இழுத்துப் பார்ப்பார். நகம் இடறினால் "ச்சா" என்று ஒரு சத்தம். இடறாவிட்டால் "மாஷா அல்லாஹ்". கட்டாரில் பதினொரு வருசம் பெரிய வீடுகளின் குசினிக்குக் கிரனைட் பொருத்தியவர். அங்கே பிடித்த பழக்கம். அண்ணனைக் காக்கா என்கிற ஊரில் 'நகக் காக்கா' என்று பேர் விழுந்ததும் அதனால்தான்.

அந்த நகம் கடைசியில் இடறியது சொந்த மகளின் குசினியில்.

மகள் ஆகிலாவுக்குப் பெண் குழந்தை கிடைத்துப் பன்னிரண்டாம் நாள், இனிக் கட்டார் வேண்டாம் என்று ஊருக்கு வந்து சேர்ந்தார். கல்லுத் தூக்கிக் காய்த்துப்போன கைகளில் பேத்தியின் பாரமே தெரியவில்லை. எங்கே நழுவிவிடுவாளோ என்று பயந்து கீழே பாயில் உட்கார்ந்துகொண்டார். அரை மணித்தியாலம் அசையவில்லை. பிறகுதான் தண்ணி குடிக்கக் குசினிக்குப் போனார்.

மூலையில் அடுப்பு வைத்திருந்த சின்னக் கல், பக்கத்துப் பெரிய கல்லைவிட ஒரு நகக்கனம் தாழ்ந்து கிடந்தது. இடைவெளியில் பால் இறங்கிப் புளித்த மணம். அதற்குள்ளிருந்து எறும்பு வரிசையாக ஏறிவந்து, பிள்ளைக்கென்று கழுவிக் கவிழ்த்திருந்த கரண்டியைச் சுற்றிக்கொண்டிருந்தது.

"இதென்ன புள்ள, மெழுகா?"

"ஓம் வாப்பா. மெழுகுதிரிய உருக்கி ஊத்தினன். அடுப்புச் சூட்டுக்கு அதுவும் போயிட்டு."

"முத்தலிப் செஞ்ச வேலையா இது!"

"சத்தம் போடாதீங்க. முத்தலிப் மாமாக்கிட்ட ஒண்டும் கதைச்சிராதீங்க."

முத்தலிப் அவருடைய சின்ன வயதுச் சிநேகிதன். இரண்டு வருசத்துக்கு முந்தி, ஆகிலாவின் கல்யாணத்துக்கு மூன்றே நாள் இருக்கும்போது, கையிலிருந்த வேலையைப் போட்டுவிட்டு வந்து இந்தக் கல்லைப் பொருத்திக் கொடுத்தவர். கட்டாரிலிருந்து ஃபோனில் கூலி என்று வாயெடுத்ததற்கு, மூன்று மாதம் கதைக்காமல் இருந்த ரோசக்காரன். அவனிடம் போய் 'உன் வேலை பிழை' என்று எப்படிச் சொல்வது? சொன்னால் சிநேகிதம் போகும். சொல்லாமல் விட்டால் பேத்தியின் கரண்டியில் எறும்பு. பிள்ளையின் நாற்பதாம் நாள் விருந்துக்கு மாப்பிள்ளை வீட்டார் வேறு சாய்ந்தமருதிலிருந்து வந்து நிற்பார்கள்.

முத்தலிப் பெரியநீலாவணைப் பக்கம் வேலைக்குப் போன ஒரு காலையில் கச்சிமுகம்மது துணிந்து இறங்கினார். அவனுக்குத் தெரியாமலே திருத்திவிட்டால் யாருக்கும் நோகாது. மூட்டிலிருந்த பழைய பசையை அறுத்து, மர ஆப்பைக் கொடுத்துக் கொடுத்துச் சின்னக் கல்லைக் கிளப்பிச் சுவரில் சாத்தினார்.

கல்லுக்கு அடியில் டைல்ஸ் துண்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி முண்டுகொடுத்திருந்தது. பாதி நொறுங்கிப் போயிருந்தன. அவற்றை அள்ளினால், கீழே கொங்கிரீட் தட்டு நடுவில் குழிந்து கிடந்தது. ஓரத்தில் சாந்துக் கரண்டி நுனியால் கீறிய ஒரு திகதி. தன் எழுத்து என்று அவருக்கு உடனே தெரிந்தது.

கல்யாணத்துக்கு முந்திய லீவில், கட்டாருக்குத் திரும்புவதற்கு முதல்நாள், மழை இருட்டிக்கொண்டு வரும்போது, தட்டு வார்க்கும் பலகைக்குக் கீழே முட்டுப் போதாமல், அவரே அவசரமாக ஊற்றிய தட்டு அது. அந்தக் குழியை நிரவித்தான் முத்தலிப் கல்லை நேராக வைத்திருக்கிறார். அடுப்பின் பாரத்தில் முண்டு உடைந்து, கல் இறங்கியிருக்கிறது.

அந்த நேரம் பார்த்து வாசலில் மோட்டார் சைக்கிள் சத்தம்.

"கச்சி! மகளுக்குப் பால் சுரக்கப் பால்சுறா கொண்டுவந்திரிக்கன், பெரியநீலாவணைல இப்பதான் கரைக்கு வந்த மீன்..." என்றபடி நேரே குசினிக்குள் நுழைந்த முத்தலிப், சுவரில் சாத்தியிருந்த கல்லைக் கண்டு நின்றுவிட்டார். மீன் பை சொட்டியது.

"நான் வச்ச கல்லையா கழட்டினாய்?"

"ஓம்."

"ஒரு வார்த்த சொல்லாம?"

கச்சிமுகம்மது குழிக்குள் கையை வைத்துக் காட்டினார். "நீ மட்டும் சொன்னியாடா? இந்தக் குழி எனக்கு இண்டைக்குத்தான் தெரியும்."

முத்தலிப் மீன் பையை மெதுவாகக் கீழே வைத்தார். "கட்டார்ல இரிக்கிறவனுக்கு ஃபோன் எடுத்து, நகக் காக்கா, உன்ட தட்டு குழி எண்டு சொல்லச் சொல்றியா? அடுத்த பிளேன்ல வந்து, கல்யாணப் பந்தலுக்குள்ள சீமெந்து குழைச்சிரிப்பாய்."

"நான் இத்தின நாளும் மனசுக்குள்ள உன்னத்தானே ஏசினன்."

"ஏசினதெல்லாம் திருப்பி எடு. எடுத்திட்டு அந்த உளியத் தா."

"மெதுவாத் தட்டுங்க ரெண்டு பேரும்! புள்ள இப்பதான் நித்திர!" என்று அறைக்குள்ளிருந்து ஆகிலா கத்தினாள்.

"மெதுவாக் கொத்துற உளி கட்டார்லயும் இல்ல மகள்" என்றார் முத்தலிப். முதல் அடி விழுமுன்பே பேத்தி எழும்பிவிட்டாள். பிறகென்ன, தாராளமாகவே தட்டினார்கள்.

குழியைக் கொத்திச் சொரசொரப்பாக்கி, நனைத்து, சாந்து நிரப்பி, லெவல் பிடித்து, ஒரு கிழமைக்கு மேல் காயவிட்டார்கள். பிறகு கல்லை இறக்கினார்கள். அதே கல்லின் கழிவுத் துண்டை அரைத்தெடுத்த தூளைப் பசையில் கலந்து மூட்டில் நிரப்பி, இறுகியதும் தண்ணி விட்டு விட்டு மினுக்கினார்கள். எல்லாம் முடிந்தபோது கச்சிமுகம்மது நகத்தை நீட்டவில்லை.

"நீ பாரு" என்றார்.

முத்தலிப் கண்ணை மூடிக்கொண்டு ஒருமுறை இழுத்தார். மறுபடி இழுத்தார். "எங்கடா மூட்டு?"

நாற்பதாம் நாள் குசினி நிறையப் பெண்கள். மாப்பிள்ளையின் உம்மா நதீரா மேடையைத் துடைத்துக்கொண்டே வந்து, மூலையில் கையை நிறுத்தினார்.

"ஆகிலா, இது வளைச்சு வெட்டின ஒரே கல்லா?"

வாசற்படியில் பேத்தியோடு நின்ற கச்சிமுகம்மது முந்திக்கொண்டார். "ரெண்டு கல்லு, மதினி. பொருத்தினது நம்மட முத்தலிப். முதல்ல ஒருக்கா இறங்கிச்சு. அது நான் ஊத்தின தட்டுப் பிழை."

விறாந்தையிலிருந்து முத்தலிப்பின் குரல் வந்தது. "எல்லாரும் கேட்டுக்கங்க! இனி எங்கட வீட்டுக் குசினியில அவர் நகத்த நீட்டட்டும் பாப்பம்!"

நீட்ட வழியில்லை. அந்தப் பெருவிரலைப் பேத்தி இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தாள்.