பின் டிரம்முக்குள் ஓர் உலகம்

நீல பிளாஸ்டிக் டிரம்முக்குள் தலையை விட்டால் முதலில் மூக்கில் ஏறுவது, வெயிலில் காய்ந்த பிளாஸ்டிக்கும் நாள்பட்ட தண்ணீரும் கலந்த ஒரு வாடை. தாராவியில் நாங்கள் இருந்த ஒற்றை அறை வீட்டின் வாசலில் அப்படி இரண்டு டிரம்கள் நின்றன. முன்னது அன்றாடப் புழக்கத்துக்கு, பின்னது தண்ணீர் வராத நாளுக்கென்று அம்மா யாரையும் தொடவிடாமல் வைத்திருந்த ‘ஸ்டாக்’.

எனக்கு எட்டு வயது, மல்லிகா அக்காவுக்குப் பதினான்கு. பள்ளி நூலகத்தில் கருந்துளை பற்றி ஏதோ ஒரு புத்தகத்தைப் படித்துவிட்டு வந்தவள் அந்த மழைக்காலம் முழுக்க வேறு பேச்சே பேசவில்லை. பின் டிரம்மின் மூடியைத் தூக்கி உள்ளிருட்டைக் காட்டி, “ஏட்டி, இதுக்குள்ள விழுந்தா வெளிச்சங்கூட திரும்பி வராது பாத்துக்கோ. ஆனா அந்தப் பக்கம் இன்னொரு உலகம் இருக்கும். அங்கனயும் நீயும் நானும் இருப்போம்” என்பாள். ஒருநாள் தண்ணீரின் மேல் நூல் நூலாக என்னவோ நெளிந்தது. என்னவென்று கேட்டேன். “அந்த உலகத்து ஆளுக” என்று சிரித்தாள்.

கேலி செய்கிறாள் என்று எனக்குப் புரியவில்லை, நம்பிவிட்டேன். இருட்டில் கிடக்கிறார்களே என்று பாவமாகவும் இருந்தது. தினமும் அம்மா மூடியை அழுத்தி மூடிவிட்டுப் போனதும், அவர்களுக்குக் கொஞ்சம் வெளிச்சம் போகட்டும் என்று ஒரு சாண் அளவு நகர்த்தி வைத்தேன்.

அக்காவுக்குக் காய்ச்சல் வந்தது. ஐந்தாம் நாள் ஆஸ்பத்திரியில் டெங்கு என்றார்கள். ஏழாம் நாள் அவள் இல்லை.

மறுவாரம் மாநகராட்சி ஆள் ஒருவர் வந்து டிரம்முக்குள் டார்ச் அடித்துப் பார்த்தார். கொசுப்புழு என்றார். மூடியை யார் திறந்து போட்டது என்று இந்தியில் அதட்டினார். நான் அம்மாவின் சேலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

“நாந்தான் சரியா மூடாம விட்டுட்டேன். எம் புள்ளைய நானே கொன்னுட்டேனே” என்று அம்மா தலையில் அடித்துக்கொண்டு அழுதாள்.

‘நான்தான் திறந்தேன்’ என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அன்றைக்கு மட்டுமல்ல, அதற்குப் பிறகு இருபத்தைந்து வருஷமும் வரவில்லை. மழைக்காலம் தோறும் அவள் அதையே சொல்லி அழுவதைக் கேட்டுக்கொண்டு, அவள் கையாலேயே சோறு வாங்கித் தின்றேன். இதைவிடக் கேவலம் ஒன்று உண்டா என்று எனக்குத் தெரியவில்லை. போன ஆடியில் அம்மாவும் அந்தப் பழியோடு போய்விட்டாள்.

இப்போது அந்த வரிசை வீடுகளே இல்லை, இடித்துத் தகரத் தடுப்பு போட்டிருக்கிறார்கள். நாங்கள் செம்பூரில் இருக்கிறோம். போன வாரம் என் மகள் போனில் ஏதோ வீடியோ பார்த்துவிட்டு ஓடி வந்தாள். “மம்மி, நெறைய யூனிவர்ஸ் இருக்காம். இங்க தப்பா நடந்தது அங்க சரியா நடந்திருக்குமாம்!”

இருக்கலாம். அங்கே ஒரு சிறுமி மூடியைத் தொடாமலே விட்டிருப்பாள், மல்லிகாவுக்கு இந்நேரம் தலை நரைக்கத் தொடங்கியிருக்கும். ஆனால் அவள் அந்தச் சிறுமிக்கு அக்கா. எனக்கு இல்லை.