சமரச மையத்தில் நான் வாய் திறந்தது

கோர்ட்டுக்குப் போகலாமா, சமரசமாய்ப் பேசி முடிக்கலாமா என்று என்னிடம் யோசனை கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். நல்ல ஆளாகப் பார்த்துத்தான் கேட்கிறார்கள்! கூடி வந்த சமரசத்தை ஒரே பேச்சில் உடைத்தவள் நான். அப்போது எனக்குப் பத்து வயது.

கறம்பக்குடிப் பக்கத்தில் எங்களுக்கும் பெரியப்பாவுக்கும் பொதுவாக ஒரு கிணறு இருந்தது. பாகம் பிரித்தபோது கிணறு பொது என்று எழுதினார்களே தவிர, அதற்குப் போகிற பாதையைப் பற்றி எழுத மறந்துவிட்டார்கள். பாதை தன் பங்கில் வருகிறது என்று பெரியப்பா முள்ளை வெட்டிப்போட்டு அடைத்தார். மோட்டார் போடப் போக முடியாமல் எங்கள் கடலை காய்ந்தது. அப்பா கேஸ் போட்டார். வாய்தா வாய்தா என்று அது நகர்வதாக இல்லை.

அம்மாவுக்குப் பொறுமை போய்விட்டது. முழுப்பரீட்சை லீவில் ஒருநாள், அப்பாவுக்குச் சொல்லாமல், என்னைத் துணைக்கு இழுத்துக்கொண்டு காளி கோயிலுக்குப் போய்க் காசு வெட்டிப் போட்டாள். மனுசர்களிடம் நியாயம் கிடைக்காதவர்கள் எங்கள் பக்கத்தில் செய்வது அது. பூசாரி ஒரு காசைக் கல்லில் வைத்து உளியால் இரண்டாக வெட்டினார். அம்மா கூந்தலை அவிழ்த்துப் போட்டுக்கொண்டு, “எங்க வகுத்துல அடிச்சவுக நல்லா இருப்பாகளா? நீயே கேளு ஆத்தா” என்று அழுதாள்.

திரும்பும்போது இரண்டு உத்தரவு போட்டாள். இதை யாரிடமும் மூச்சு விடக் கூடாது. காசு வெட்டியபின் இரண்டு வீட்டாரும் ஒன்றாய் உட்கார்ந்து பச்சைத்தண்ணிகூடக் குடிக்கக் கூடாது, குடித்தால் சாமி குத்தம்.

பள்ளிக்கூடம் திறந்த வாரம், பெரியப்பாவின் ஒரே மகன், எனக்கு அண்ணன், பைக்கில் போனபோது லாரி இடித்தது. வலது காலை முட்டிக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். அப்பா ஆஸ்பத்திரி வாசல்வரை போய்விட்டு, உள்ளே போக முகமில்லாமல் திரும்பினார். அம்மா இரண்டு நாள் சோறு தின்னவில்லை. அண்ணன் மேல் அம்மாவுக்கு இவ்வளவு பாசமா என்று எனக்கு ஆச்சரியம்.

அந்த வருசம் தை மாதத்தில் ஜட்ஜ் எங்கள் கேஸைப் புதுக்கோட்டையில் இருந்த சமரச மையத்துக்கு அனுப்பினார். வீட்டில் என்னைப் பார்த்துக்கொள்ள ஆளில்லாததால் நானும் போனேன். உயரமான நாற்காலியும் கூண்டும் இருக்கும் என்று பார்த்தால், வெறும் வட்ட மேசை. பேசி வைக்க ஒரு வக்கீலம்மா இருந்தார்.

“இங்க ஜெயிக்கிறவுக, தோக்குறவுக கெடையாதுங்க. மனசுல இருக்கிறத ஒளிக்காமப் பேசுங்க. பேசுறது இந்த ரூமத் தாண்டாது. ஒத்துவரலைன்னா கேஸ் பழையபடி கோர்ட்டுக்குப் போயிரும், அம்புட்டுத்தான்” என்றார்.

ஒளிக்காமப் பேசுங்க என்றது எனக்கு நன்றாகப் பதிந்துவிட்டது.

இரண்டு மணி நேரம் சத்தம். வரப்பு, வாய்க்கால், யாரோ எப்போதோ கல்யாண வீட்டில் வாங்க என்று கேட்காதது, எல்லாம் வந்தது. அப்புறம் பெரியப்பா சட்டென்று ஓய்ந்தார்.

“எனக்கு இனிமே யாருக்காகச் சண்ட? பய ஒத்தக் காலோட ஒக்காந்துட்டான். பாதைய எடுத்துக்க தம்பி. நாளைக்கி எனக்கு ஒண்ணுன்னா அவன மட்டும் விட்டுறாத.”

அப்பா “அண்ணே” என்றார். எங்கள் வீட்டில் அந்தச் சொல்லைக் கேட்டு வருசக்கணக்காகியிருந்தது. அப்பா அழுததை அன்றுதான் முதலில் பார்த்தேன். அம்மா மட்டும் குனிந்த தலை நிமிரவில்லை.

சமரசப் பத்திரம் டைப் ஆகி வருவதற்குள் வக்கீலம்மா எல்லோருக்கும் டீ வாங்கிவரச் சொன்னார். பெரியப்பா எனக்கு பிஸ்கட்டை நீட்டி, “சாப்புடு ஆத்தா” என்றார். மறு கையால் டீ கிளாஸை வாய்க்குக் கொண்டுபோனார். எனக்கு உயிரே போய்விட்டது. பாவம், ஒன்றும் தெரியாமல் குடிக்கப் போகிறாரே! அம்மாவைப் பார்த்தேன். அவள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“குடிக்காதீங்க பெரியப்பா! ஒங்க பேருல நாங்க காசு வெட்டிப் போட்டிருக்கோம்!”

பெரியப்பா கிளாஸை மெதுவாகக் கீழே வைத்தார். கோபப்படவில்லை. “எப்ப ஆத்தா?” என்று தணிவாகக் கேட்டார்.

யாரும் திட்டாததில் எனக்குத் தைரியம் வந்துவிட்டது. “லீவுல பெரியப்பா. பள்ளிக்கூடம் தெறக்கிறதுக்கு முந்தின வாரம்.”

“நான் அதக் கேக்கலைங்க… புள்ள காலக் கேக்கலைங்க…” என்றாள் அம்மா.

அது விபத்துதான் என்று வக்கீலம்மா என்னென்னவோ சொல்லிப் பார்த்தார். பெரியப்பா எழுந்துவிட்டார். “எம்புள்ள காலக் காவு குடுத்துட்டுத்தான் எங்கிட்ட சமரசம் பேச வந்தீகளா? வேணாம். கோர்ட்டுலயே பாத்துக்குவோம்.”

கோர்ட் அதன்பின் ஒன்பது வருசம் எடுத்துக்கொண்டது. தீர்ப்பு எங்கள் பக்கம்தான் வந்தது. அதற்கு முன்பே பெரியப்பா போய்விட்டார். எழவு சொல்ல எங்கள் வீட்டுக்கு ஆள் வரவில்லை. பந்தலுக்கு வெளியே நின்று பார்த்துவிட்டு அப்பா திரும்பினார். ஜெயித்த பாதையில் ஒருநாளும் அவர் கால் வைக்கவில்லை. அண்ணன் எந்த ஊரில், யார் ஆதரவில் இருக்கிறான் என்று இன்றுவரை எங்களுக்குத் தெரியாது.

அன்றைக்குச் சமரச மையத்திலிருந்து வெளியே வந்தபோது, பெரியப்பாவோடு வந்திருந்த அண்ணன் மரத்தடி பெஞ்சில் ஊன்றுகட்டையைச் சாத்திவைத்து உட்கார்ந்திருந்தான். பெரியப்பா அவனிடம் ஒன்றும் சொல்லாமல் ஆட்டோ பிடிக்க ரோட்டுக்குப் போயிருந்தார். என்னைப் பார்த்ததும் அவனுக்கு முகமெல்லாம் சிரிப்பு.

“பேசி முடிச்சாச்சா? ஞாயித்துக்கெழம வீட்டுக்கு வர்றியா பாப்பா?”

பெரியப்பாவைச் சாமி குத்தத்திலிருந்து காப்பாற்றிவிட்ட பெருமையில் இருந்தேன் நான். அம்மா என் கையைப் பிடித்து இழுத்தாள். இவளுக்கு என்ன இவ்வளவு அவசரம் என்று எரிச்சலாக வந்தது.

“வாரேன்ணே” என்று கத்திச் சொன்னேன். போவேன் என்றுதான் நினைத்திருந்தேன்.