கோலாலம்பூர் போய்வந்த ஜெர்சி

எழுபதுகளின் தொடக்கத்தில் என் வீட்டுக்காரர் இந்தியக் கால்பந்து அணியோடு கோலாலம்பூர் போயிருந்தார். ஆவடி குவார்ட்டர்ஸில் நான் ஓரிடத்தில் உட்கார முடியாமல் அலைந்துகொண்டிருந்தேன். பால் பொங்கி வழிந்தது, குழம்பில் உப்பு இரண்டு தடவை விழுந்தது. அணியில் பெயர் இருந்தால் மட்டும் போதுமா? ஆடப்போவது பதினொரு பேர்தானே? அவரை மைதானத்தில் இறக்கினார்களா இல்லையா, அது ஒன்றுதான் எனக்குத் தெரிய வேண்டியிருந்தது.

அவர் நசரத்பேட்டைக்காரர். அறுவடை முடிந்த கழனியில் வெறுங்காலோடு ஆடிப் பழகியவர். அந்த ஆட்டத்துக்காகவே ராணுவத் தொழிற்சாலையில் வேலை கொடுத்தார்கள். மத்தியானத்துக்கு மேல் மைதானத்துக்குப் போய்விடலாம். ஒரு காலத்தில் இந்திய அணியிலேயே வெறுங்காலோடு ஆடினார்கள் என்பார். ஆசிய விளையாட்டில் இரண்டு தடவை தங்கம் வாங்கிய அணி. "அப்ப நம்மளப் பாத்து ஜப்பான்காரன் பயப்படுவான். இப்ப அவன் எங்கியோ போய்ட்டான், நாம இங்கியேதான் கீறோம்" என்று அடிக்கடி சொல்வார்.

பூட்ஸ் அவருக்கு ஜென்மப் பகை. பயிற்சி முகாமுக்குக் கூப்பிட்டதும், பந்து காலுக்குத் தெரிய வேண்டும் என்று ஒரு அளவு சின்னதாகவே வாங்கினார். அதைப் போட்டபடி தண்ணீர் நிரப்பிய பேசினில் கால்களை விட்டு உட்கார்ந்திருப்பார். தோல் ஊறி, காயும்போது காலின் வடிவத்துக்கு வந்துவிடும் என்ற கணக்கு. சாப்பாடும் பூட்ஸோடுதான். கழற்றினால் விரல்கள் வெளுத்துச் சுருங்கியிருக்கும்.

"இந்தக் காலை வச்சுக்கிட்டா ஆடப்போறீங்க?" என்று எரிந்து விழுவேன்.

"நீ சும்மா இரு. ஒரு வாட்டி உள்ள எறங்கினா போதும். இந்தியாவுக்கு ஆடினவன்னு ஆயிடும்."

காலையில் ரேடியோ செய்தி ஒரு வரிதான் சொல்லும்: இந்தியா வென்றது, அல்லது தோற்றது. மிஞ்சிப் போனால் கோல் போட்டவர் பெயர் வரும். இவரைப்போலப் பின்னால் நின்று தடுப்பவர் பெயரை யார் சொல்வார்கள்? பூந்தமல்லியில் பிறந்து வளர்ந்த பக்கத்து வீட்டு அக்கா மட்டும் நாள் தவறாமல் வாசலுக்கு வந்துவிடுவாள்.

"இன்னாம்மா, உன் ஊட்டுக்காரரு ஆடினாரா?"

"ஆட வைக்காமலா அவ்வளவு தூரம் கூட்டிக்கிட்டுப் போவாங்க?" என்று வெடுக்கென்று சொல்லிவிட்டு, உள்ளே வந்து மறுபடியும் நடக்க ஆரம்பிப்பேன்.

அவர் திரும்பி வந்த அன்று குவார்ட்டர்ஸ் லைன் முழுக்க வாசலில் நின்றது. யாரோ மாலை போட்டார்கள். அக்காதான் முதலில் கேட்டாள்: "இன்னா தம்பி, எவ்ளோ நேரம் ஆடினே?"

அவர் மாலையைக் கழற்றிக்கொண்டே, "கடைசி ஆட்டத்துல எறக்கினாங்கக்கா. பத்து நிமிசம் இருக்கும்" என்றார். எனக்குக் கண்ணில் தண்ணீர் முட்டிவிட்டது. இத்தனை நாள் அலைந்த அலைச்சல் தீர்ந்தது என்று நினைத்தேன்.

ஆட்டத் துணி வீட்டுக்கு வந்தால் உடனே சலவைச் சோடாவில் ஊறப்போட்டுவிடுவேன். மைதானத்துச் செம்மண் காய்ந்துபோனால் கறை போகாது. அந்தப் பழக்கத்தில், யோசிக்காமல், இந்திய ஜெர்சியையும் குழாயடியில் வாளிக்குள் அமுக்கினேன். தண்ணீரில் மண் இறங்கவில்லை. வாளி முழுக்க நீலமாகிவிட்டது. ஒரு தடவைகூடத் தண்ணீர் பார்க்காத புதுத்துணிதான் இப்படிச் சாயம் விடும். தூக்கிப் பார்த்தேன், கழுத்துப் பட்டையில் ஓர் அழுக்குக் கோடுகூட இல்லை.

எனக்குத் தாங்கவில்லை. பொய் சொன்னாரே என்று இல்லை. அத்தனை நாளும் அதை மடிப்புக் கலையாமல் பெட்டிக்குள் வைத்துக்கொண்டு, இன்றைக்காவது கூப்பிடுவார்களா என்று காத்துக் கிடந்திருப்பாரே, அதற்காக.

அக்கா குடத்தோடு வந்து வாளியை எட்டிப் பார்த்தாள். "இன்னாடி இது, சாயம் இப்டிப் போவுது? போடாத புதுசாட்டம் கீது?"

"மட்டமான சாயம், அக்கா. அங்கேயே ரெண்டு தடவை துவைச்சாராம், இன்னும் நிக்கல" என்றேன்.

திரும்பினால் அவர் பின்னால் நின்றுகொண்டிருந்தார். எல்லாம் காதில் விழுந்திருந்தது. கல்யாணமான நாளிலிருந்து ஒரு துணியை அலசி அறியாத மனிதர், லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு வாளி முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார்.

"நீ போ. நான் அலசிக்கிறேன்" என்றார்.

அக்கா குடத்தை நிரப்பிக்கொண்டு போகும்வரை அவர் தலையை நிமிர்த்தவே இல்லை.