சக்குபள்ளத்தில் மட்டும் திறக்காத துப்பாக்கி

துப்பாக்கி ரிப்பேர் கடையில் வெடிச் சத்தத்தை விட, "திறக்க மாட்டேங்குதுங்க" என்கிற சத்தம்தான் அதிகம் கேட்கும்.

கேரளாவின் எல்லையோரம், வெயில் ஊரான கொழிஞ்சாம்பாறையில் எங்கப்பா கடை. லைசென்ஸ், அரம், ஸ்க்ரூ டிரைவர் எல்லாம் அப்பாவுடையது. ரெஜிஸ்டரும் ஃபோனும் மகளான என்னுடையது. பிளஸ் டூ போக மிச்ச நேரத்தில் கவுண்டரில் உட்கார்ந்திருப்பேன். வந்தவர் தெரு முனை திரும்பியதும் அவர் பேசியதை அவர் குரலிலேயே பேசிக் காட்டுவேன். கடை வைத்திருக்கிற வீட்டில் பிறந்து, லீவு நாளையெல்லாம் கவுண்டரில் தொலைத்த என் சக பாவிகளே, இது கூட இல்லாவிட்டால் நமக்குப் பொழுது எப்படிப் போகும்?

வாசலில் நின்ற கவுண்டர்

எங்கள் கடைக்கு ஒரு சட்டம் உண்டு. இரட்டைக்குழல் துப்பாக்கி நடுவில் மடிகிற சாதனம். மேலே இருக்கிற சின்ன லீவரைக் கட்டைவிரலால் தள்ளினால் குழல் கீழே மடிந்து, தோட்டா போடுகிற இரண்டு ஓட்டையும் தெரியும். அப்படி மடித்து, உள்ளே ஒன்றுமில்லை என்று காட்டிவிட்டுத்தான் படியேற வேண்டும். திறக்காத துப்பாக்கிக்காரர், எத்தனை தென்னந்தோப்பு வைத்திருந்தாலும், குழலை வாசலில் கிடக்கிற மணல் மூட்டைப் பக்கம் திருப்பிக்கொண்டு வெயிலில் நிற்பார்.

ஆயுத பூஜை முடிந்த வாரம் ஒரு கவுண்டர் அப்படி நின்றார். முழங்காலில் வைத்து அழுத்தியும் அசையவில்லை. அப்பா வெளியே போய்ப் பார்த்தால், மடிகிற மூட்டு முழுக்கச் சந்தனம், அதன் மேல் குங்குமம், காய்ந்து சிமெண்டு மாதிரி. நாலைந்து வருஷப் பூஜை ஒன்றின் மேல் ஒன்றாக இருந்தது. ஈரத்துணியை எடுத்த அப்பாவின் கையை அவர் பிடித்துக்கொண்டார். "ஏனுங்க, சாமிக்கு வெச்ச பொட்டு. நீங்க தொடைச்சா குத்தம் உங்களுக்கா, எனக்குங்களா?"

கல்பாத்தி மாமா

கல்பாத்தியிலிருந்து ஒரு மாமா வருவார். பேங்கில் இருந்து ரிட்டயர் ஆனவர். அவருடைய பெரியப்பா வைத்துவிட்டுப் போன துப்பாக்கி. ஒரு காக்காயைக் கூடச் சுட்டதில்லை. ஞாயிற்றுக்கிழமை தோறும் வெறும் விசையை அமுக்கி 'டிக் டிக்' என்று கேட்டுவிட்டுத் துடைத்து வைப்பார். திறக்கவே கஷ்டமாக இருக்கிறது, ஏதோ கோளாறு என்று கொண்டு வந்தார்.

கோளாறே இல்லை. விசையை அமுக்கிய பிறகு திறந்தால், அந்தத் திறப்பிலேதான் உள்ளே இருக்கிற ஸ்பிரிங் மறுபடி ஏறும். கொஞ்சம் பலம் வேண்டும். அப்பா அதைப் பொறுமையாக விளக்கினார். மாமா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே கேட்டார்: "அப்போ துப்பாக்கிக்கு ஒண்ணுமில்லே, நேக்குத்தான் வயசாயிடுத்து. அதைத்தானே இவ்வளவு நேரமாச் சுத்திச் சுத்திச் சொல்றேள்?"

அப்பா குரல்

எங்கப்பாவுக்கு மீசை பெரிது, குரல் சன்னம். அதனால் ஃபோனில் அவராகப் பேசுவது எனக்குப் பச்சைத் தண்ணீர் குடிக்கிற மாதிரி. அப்பா சாப்பிடப் போயிருந்த ஒரு மத்தியானம் மலை மேலிருக்கிற சக்குபள்ளத்திலிருந்து முத்துராசு அண்ணன் கூப்பிட்டார். ஏலக்காயும், கப்பை என்கிற மரவள்ளியும் போட்டிருக்கிறவர். அவர் சம்சாரத்துக்குக் கொழிஞ்சாம்பாறை சொந்த ஊர் என்பதால் எங்கள் வாடிக்கை. துப்பாக்கிக்குப் போடுகிற எண்ணெய் தீர்ந்துவிட்டது, வேறு எது போடலாம் என்று கேட்டார்.

அப்பாவைக் கூப்பிடுகிறேன் என்று சொல்லியிருக்கலாம். நாக்கு சும்மா இருக்குமா? அவசரத்துக்கு ஒரு சொட்டுத் தேங்காயெண்ணெய் விடலாம் என்று அப்பா எங்கள் ஊர்க்காரர்களிடம் சொல்லிக் கேட்டிருக்கிறேன். தொண்டையைச் செருமி, அப்பாவின் சன்னக் குரலில், ஒரு சொட்டை மட்டும் கொஞ்சம் பெரிதாக்கிச் சொன்னேன்: "தேங்காயெண்ணெய் தாராளமா உடுங்க, ஒண்ணும் ஆகாதுங்க."

போக ஒரு பகல், வர ஒரு பகல்

ஒரு மாதம் கழித்து முத்துராசு அண்ணன் துப்பாக்கியோடு வந்து நின்றார். அவர் லைசென்ஸ் கேரளாவுக்குள் மட்டும்தான். கம்பம், பழனி வழி வந்தால் சுருக்கு, ஆனால் துப்பாக்கியோடு வரக் கூடாது. தொடுபுழை, திருச்சூர் என்று சுற்றி ஒரு பகல் முழுக்க ஜீப்பில். துப்பாக்கி இறுகிப் போய்விட்டதாம். பஞ்சாயத்தில் காட்டுப்பன்னி சுடுகிறவர்கள் பட்டியல் போடுகிறார்களாம். வனத்துறை ஆபீசர் முன்னால் சரியாக இயங்கிக் காட்டினால்தான் பேர் சேரும். பேர் சேராவிட்டால் இந்த வருஷக் கப்பையும் பன்னிக்குத்தான்.

சொல்லிவிட்டு வாசலில் நின்று லீவரைத் தள்ளினார். சட்டென்று மடிந்தது. நாங்கள் மூன்று பேரும் பார்த்துக்கொண்டோம். மறுபடி, மறுபடி. ஒவ்வொரு தடவையும் நன்றாக மடிந்தது. அப்பா பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தும் பழுது இல்லை. திருப்பி அனுப்பிவிட்டார். ஊர் போய்ச் சேர்ந்த மறுநாள் காலையில் ஃபோன்: "மேஸ்திரி, சத்தியமாச் சொல்றேன், இது உங்க ஊருக்கு மட்டும்தான் வாயத் தெறக்குது."

பாத்ரூம் பாட்டில்

ஆபீசர் வருகிற தேதி கிறிஸ்துமஸ் லீவில் வந்தது. அப்பா நேரிலேயே போய்விடலாம் என்று கிளம்ப, நானும் ஒட்டிக்கொண்டேன். சக்குபள்ளத்தில் அண்ணன் வீட்டு வாசல், காலை ஏழு மணி. பனி மூட்டம், பல் கிட்டுகிற குளிர். பத்து மணிக்கு ஆபீசர். துப்பாக்கி கல் மாதிரி இறுகிக் கிடக்கிறது. அண்ணன் தனியே ஒரு கல்லில் போய் உட்கார்ந்துவிட்டார். அப்பாவின் மீசை கூடத் தொங்கிப் போயிருந்தது.

நான் முகம் கழுவப் போனேன். பாத்ரூம் மாடத்தில் தேங்காயெண்ணெய் பாட்டில். கவிழ்த்தேன். ஒரு சொட்டு விழவில்லை. மெழுகு மாதிரி வெள்ளையாக உறைந்திருந்தது. துப்பாக்கி மூட்டுக்குள் இருப்பதும் இதேதான். எங்கள் ஊர் வெயிலில் தேங்காயெண்ணெய் உறைந்து பார்த்தது யார்? சும்மா இருந்துவிடலாம் என்றுதான் ஒரு நிமிஷம் தோன்றியது. ஆனால் ஜன்னல் வழியே அண்ணன் கல்லில் உட்கார்ந்திருந்தது தெரிந்தது. பாட்டிலோடு வெளியே வந்து அப்பா முன்னால் கவிழ்த்துக் காட்டினேன். அப்பாவுக்குப் புரிந்துவிட்டது. இதைத் துப்பாக்கிக்கு ஊற்றச் சொன்னது யார் என்று அண்ணனைக் கேட்டார். அண்ணன் முழித்தார். "என்ன மேஸ்திரி இப்பிடிக் கேக்கிறீக? நீங்கதான ஃபோன்ல சொன்னீக?"

வறுத்த துப்பாக்கி

அப்பா என்னைப் பார்த்தார். நான் பாட்டிலைப் பார்த்தேன். பிறகு அவர் அண்ணனிடம், ஆமாங்க, நான்தான் சொன்னேன், மலைக் குளிரை நினைக்காமல் சொல்லிவிட்டேன் என்றார். அவ்வளவுதான். திறந்து பார்க்காத துப்பாக்கியை அடுப்பருகே கொண்டு போகக் கூடாது. குழலை மண்மேட்டுப் பக்கம் திருப்பிக் கட்டி வைத்து, வெந்நீரில் பிழிந்த துண்டை மூட்டில் சுற்றினார். துண்டு மாற்றுவது என் வேலை. கை சிவந்தது. ஏழாவது துண்டில் லீவர் அசைந்தது. குழல் மடிந்தது. உள்ளே காலி. உருகி வந்ததையெல்லாம் மண்ணெண்ணெயில் துடைத்து, தையல் மெஷின் எண்ணெய் ஒரே ஒரு சொட்டு.

பத்து மணிக்கு வந்த ஆபீசர் மூன்று தடவை திறந்து மூடினார். மூன்றும் சுத்தம். பட்டியலில் அண்ணன் பேரை எழுதிவிட்டு, துப்பாக்கியை மூக்கருகே கொண்டு போய் முகர்ந்து, தேங்காயெண்ணெய் வாசத்தைப் பிடித்துவிட்டார். "ஏய் முத்துராஜே, இது வெளிச்செண்ணயில் வறுத்ததாணோ?"

திரும்பி வரும் வழி

கட்டப்பனை பஸ் ஸ்டாண்டில் இறங்கினோம். நான் டீ வாங்கப் போனபோது என் ஃபோன் அவர் கையில் இருந்தது. திரும்பி வந்தால், பெஞ்சில் என் குரல் உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கிறது. எதிர்முனையில் என் வகுப்புத் தோழி ரம்யா. அதே இழுப்பு, அதே "போடி", நடுவில் என் சிரிப்பு கூட. அவளுடைய ஃபிசிக்ஸ் ரெக்கார்டு முழுவதையும் நானே எழுதித் தருவதாக ஒத்துக்கொண்டு, 'வெச்சுடட்டா?' என்று குழைந்து வைத்தார் எங்கப்பா. பிறகு தன் சொந்தக் குரலில் சொன்னார்: "தாராளமா எழுதிக் குடு அம்மணி, ஒண்ணும் ஆகாது."

இரண்டு பேர் ரெக்கார்டையும் எழுதி முடித்த கையோடு இதை எழுதுகிறேன், எங்கள் வீட்டில் இந்த மிமிக்ரி எங்கிருந்து வந்தது என்று இனி யாரும் என்னைக் கேட்க வேண்டாம்.