ஜெத்ரோவுக்கு வரி, எனக்கு இல்லை

ஜெத்ரோ பாஸ்க்குக்காக ராஜா வருஷா வருஷம் வரி வாங்கினார். எனக்காக ஒரு பென்னி வாங்கியதில்லை. பதினாறு வருஷமாக இது என் வயிற்றில் எரிந்தது, இன்னும் அணையவில்லை.

இங்கிலாந்தில், சஃபோக்கில் திருமதி ரிவெட் வீட்டில் ஆண் வேலைக்காரர்கள் நாங்கள் இரண்டு பேர்தான். வீட்டுக்குள் வேலை பார்க்கிற ஆணுக்கு எஜமானர் வரி கட்ட வேண்டும். வயலிலும் தொழுவத்திலும் கிடப்பவனுக்கு வேண்டாம். விருந்து நாளில் நானும்தான் வாத்துக்கறித் தட்டு சுமந்தேன், வெள்ளிக் கரண்டி துலக்கினேன். ஆனால் வரி அதிகாரி வருகிற அன்று எஜமானியம்மா என் கையில் சாணி வாரும் கவையைத் திணித்து, "ஓபட், தொழுவத்துல போய் நில்லு" என்பார். காகிதத்தில் நான் மாட்டுக்காரன். பதினான்கு பித்தளைப் பொத்தான் வைத்த நீலக் கோட்டில் ஜெத்ரோ போய்க் கதவைத் திறப்பான். அவன் பெயர் காகிதத்தில் ஏறும்.

ஜெத்ரோ ஒரு படகுக்காரன் மகன். பன்னிரண்டு வயதில் அந்த வீட்டுக்கு வந்தவன். கல்யாணம் கிடையாது, குடி கிடையாது. எனக்குப் பல் பிடுங்கியபோது தலையைப் பிடித்துக்கொண்டவன் அவன்தான். கெட்டவனாக இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"நீ ஓசிடா ஓபட்," என்பான். "என்னை வச்சுக்கணும்னா ராஜாவுக்கே காசு அழணும்."

"என் மாடு பாலாவது குடுக்குது. நீ என்னடா பண்றே?"

"கதவைத் திறக்கறேன்."

"அதைக் காத்தே திறக்கும் போடா."

பிரான்சுக்காரனோடு சண்டை முற்றியது. வரியை மூன்று மடங்காக ஏற்றினார்கள். அம்மா நீலக் கோட்டைப் பெட்டியில் பூட்டினார். ஜெத்ரோவுக்கும் ஒரு முரட்டு அங்கி, ஒரு கவை. அவனும் இனி மாட்டுக்காரன்.

அதிகாரி வந்த அன்று இருவரும் தொழுவத்தில் நின்றோம். குதிரைச் சத்தம் கேட்டது. அவ்வளவுதான், ஜெத்ரோவின் கால் நிற்கவில்லை. கவையைப் போட்டுவிட்டு ஓடினான். வாசலில் அவருடைய தொப்பியை வாங்கினான், இடது கையை முதுகுக்குப் பின்னால் மடித்தான், கூடத்துக் கதவைத் திறந்து, "மிஸ்டர் கட்டிங் வந்திருக்காரும்மா" என்றான், சாணி மிதித்த காலோடு.

அதிகாரி சிரித்தார். அவனைக் கூட்டிக்கொண்டு நேராக என்னிடம் வந்தார். "இந்த ஆள் பால் கறப்பானா?"

ஆமாம் என்று ஒரு தலையசைப்பு போதும், அவன் தப்பித்துவிடுவான். ஜெத்ரோ என்னையே பார்த்தான். என் கண்ணுக்குப் பெட்டிக்குள் கிடந்த அந்தப் பித்தளைப் பொத்தான்கள்தான் தெரிந்தன.

"இவனா? மடியைத் தொட்டதுகூட இல்லீங்க ஐயா."

ஆளை மறைத்ததற்காக அம்மாவுக்கு இரட்டிப்பு வரி விழுந்தது. சனிக்கிழமைக்குள் போய்விடு என்று ஜெத்ரோவிடம் சொல்லிவிட்டார். எல்லா வீட்டிலும் ஆளைக் கழித்துக்கொண்டிருந்த வருஷம் அது. ஐம்பது வயதுக்காரனை யார் எடுப்பார்கள்? நீலக் கோட்டு எனக்கும் வரவில்லை. அம்மா அதை விற்றுவிட்டார்.

அவன் என்னை அடிப்பான் என்று காத்திருந்தேன். வெள்ளிக்கிழமை விடியலில் தொழுவத்துக்கு வந்தான். முக்காலியை இழுத்து, மாட்டுக்குத் தப்பான பக்கம் போட்டு உட்கார்ந்தான். மாடு உதைக்கப் பார்த்தது.

"ஆத்துக்கு அந்தாண்ட ஒரு பண்ணையில மாட்டுக்காரன் வேணுமாம்," என்றான். "நாளைக்குக் கறந்து காட்டச் சொல்வாங்க. கத்துக் குடுடா, ஓபட்."