கோவளத்துக்கு ஒரு பெல்ட்டோடு போய் வந்தது

தாம்பரத்திலிருந்து கோவளத்துக்குப் பேருந்திலேயே போக முடியுமா என்று வாசகர்கள் இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். முடியும். தொண்ணூறுகளின் நடுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் போயிருக்கிறேன். எல்லாரும் கடல் பார்க்கப் போவார்கள். நான் போனது, ஒரு படகு இன்ஜினில் பெல்ட் ஏன் வழுக்குகிறது என்று பார்க்க. வாரத்துக்கு ஒரு நாள் விடுமுறை, அதுவும் போச்சே என்ற கடுப்போடுதான் கிளம்பினேன். அந்தக் கடுப்பு இந்தப் பதிவிலும் கொஞ்சம் அடிக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அப்போது மேற்குத் தாம்பரத்தில் ஜி.எஸ்.டி. சாலையோரம் இருந்த பெல்ட், பேரிங் கடையில் எனக்கு வேலை. கோவளத்திலிருந்து அந்தோணி அண்ணன் மூன்றாவது முறையாக அங்கே வந்து நின்றார். டீசல் இன்ஜின் வைத்த பழைய மரப்படகு அவருடையது. அதில் ஒரே பெல்ட்தான் இன்ஜினைக் குளிர்விக்கும் தண்ணீர் பம்பையும் டைனமோவையும் சுற்றும். பெல்ட் வழுக்கினால் பம்ப் சுற்றாது, இன்ஜின் கொதித்து நின்றுவிடும். சாலையில் வண்டி நின்றால் இறங்கித் தள்ளலாம். கடலில் என்ன செய்வது?

அவர் கவுண்டரில் போட்ட பெல்ட் நான் விற்றதுதான். பக்கங்கள் பளபளவென்று மெழுகு பூசின மாதிரி இருந்தன, கருகிய வாசனை வேறு. நாங்கள் விற்பது டூப்ளிகேட் சரக்கு என்றார். பெல்ட்டில் எண்ணெய் படுகிறதா என்று கேட்டேன். ஒரு சொட்டுகூடப் படவில்லை என்று அடித்துச் சொன்னார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"இன்னொரு வாட்டி நின்னா படக வித்துடலாம்னு மச்சான் சொல்லிட்டான் தம்பி. பாதிப் பங்கு அவனுது. வித்துட்டா நான் மார்க்கெட்டுல மீன் பொட்டி தூக்கத்தான் போவணும்."

கடைப் பெயர் கெட்டுவிடும் என்று பயந்த முதலாளி, புது பெல்ட் ஒன்றைக் கையில் கொடுத்து, ஞாயிற்றுக்கிழமை நேரில் போய்ப் பார்த்துவிட்டு வா என்றார். மறுத்துப் பேச எனக்குத் தெம்பு இல்லை.

குரோம்பேட்டையில் என் வீடு. மின்சார ரயிலில் தாம்பரம் வந்து, நடைமேம்பாலம் ஏறிக் கிழக்குப் பக்கம் இறங்கினேன். அங்கிருந்து மேடவாக்கம் வழியாகச் சோழிங்கநல்லூர் பேருந்து. உட்கார இடம் கிடைத்தது, ஆனால் சீட்டுக்கு அடியில் யாரோ கோழிக்கூடை வைத்திருந்ததால் கால் நீட்ட முடியவில்லை. பெரும்பாக்கத்தில் அப்போது ஏரியும் வயலும்தான். இன்று அங்கே வரிசையாக நிற்கும் அடுக்குமாடிகளைப் பார்ப்பவர்கள் நான் சொல்வதை நம்ப மாட்டார்கள்.

சோழிங்கநல்லூரில் இறங்கி அடுத்த பேருந்துக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் நின்றேன். நிழல் கிடையாது. கேளம்பாக்கம் வரை ஒரு வண்டி, பிறகு உப்பளங்களைக் கடந்து கோவளத்துக்கு மீன் ஏற்றப் போன காலி டெம்போ. ஓட்டுநர் என் கையிலிருந்த பெல்ட்டைப் பார்த்து, அந்தோணி படகுக்கா என்று கேட்டார். ஊருக்கே தெரிந்திருக்கிறது. மொத்தம் நாற்பது கிலோமீட்டர் இருக்கும், டிக்கெட்டும் டெம்போவும் சேர்ந்து பத்து ரூபாய் ஆகியிருக்காது. ஆனால் போய்ச் சேரும்போது உச்சி வெயில்.

படகு முகத்துவாரத்துக்கு உள்ளே, உப்பங்கழியில் கட்டியிருந்தது. இன்ஜினைப் போட்டதும் பெல்ட் கீச்சென்று கத்தியது, வேகம் கூட்டினால் இன்னும் கத்தியது. நிறுத்திவிட்டுப் பெல்ட்டைக் கழற்றினேன். பம்பையும் டைனமோவையும் கையால் சுற்றிப் பார்த்தேன், இரண்டும் லேசாகச் சுற்றின. எதுவும் இறுகிப் போகவில்லை. வலை நூலை, பெல்ட் ஓடும் சக்கரங்களான புல்லிகளின் முகத்தோடு இழுத்துப் பிடித்தேன், நேர்கோட்டில்தான் இருந்தன. புல்லிப் பள்ளத்தின் அடி பளபளத்தால் பெல்ட் தேய்ந்து உள்ளே இறங்கிவிட்டது என்று அர்த்தம். அதுவும் இல்லை. கடைசியாகப் பள்ளத்துக்குள் விரலை விட்டேன். வழுக்கியது. முகர்ந்தால் டீசல் இல்லை, இன்ஜின் ஆயில் இல்லை, தேங்காய் எண்ணெயும் மெழுகுவத்தியும் கலந்த மாதிரி ஒரு வாசனை. எங்கிருந்து ஒழுகுகிறது என்று தேடித் தேடி இடுப்பு விட்டுப்போனது. ஒழுகலே இல்லை.

வேறு வழியில்லாமல் சோப்புத்தூள் போட்டுப் புல்லிகளைத் தேய்த்துக் கழுவி, காயவைத்து, புது பெல்ட்டை மாட்டினேன். அரை மணி நேரம் ஓட்டினோம். சத்தமே இல்லை. அண்ணன் முகம் தெளிந்தது. சாயங்காலம் வலை போடப் போகலாம் என்றார். எண்ணெய் எங்கிருந்து வந்தது என்று தெரியாமல் போகாதீர்கள் என்றேன். அவர் காதில் விழவில்லை.

கிளம்பும் நேரத்தில் அவர் மனைவி லூர்து அக்கா சோற்றுத் தூக்கோடு வந்தார். படகில் ஏறி, முந்தானையிலிருந்து ஒரு சின்னப் பாட்டிலை எடுத்தார். முகப்புக் கட்டையில் கட்டைவிரலால் சிலுவை போட்டார். அப்புறம் இன்ஜின் பெட்டியைத் திறந்து பம்பில் ஒன்று, பெல்ட்டில் ஒன்று. இன்று புது பெல்ட் என்பதால் கொஞ்சம் தாராளமாகவே ஊற்றினார். அண்ணன் கை கூப்பி நின்றார். நான் அப்படியே பலகையில் உட்கார்ந்துவிட்டேன்.

"ஒரு சொட்டு எண்ணெய் படலன்னு சொன்னீங்களே அண்ணா?"

"அது மாதா கோயில் எண்ண தம்பி. அத்தப் போயி எண்ணன்றியே."

அவர் என்னை ஏமாற்றவில்லை. அவர் கணக்கில் அது எண்ணெயே இல்லை. முதல் முறை பழைய பெல்ட் தேய்ந்து நின்றபோது, படகு ஒரு ராத்திரி கரைக்கு வரவில்லை. அன்றைக்கு மறுநாளிலிருந்து அக்கா எண்ணெய் போடுகிறார். பெல்ட் வழுக்க வழுக்க இன்னும் அதிகமாகப் போட்டிருக்கிறார்.

எனக்குச் சொல்லவே மனசு வரவில்லை. ஆனாலும், பெல்ட் வழுக்குவது இந்த எண்ணெயால்தான் என்று சொன்னேன். அக்கா பாட்டிலை மூடவும் இல்லை, என்னைத் திட்டவும் இல்லை. பாட்டிலைக் கையில் பிடித்தபடியே கேட்டார்.

"அப்ப நான் இன்னாதான் பண்றது? ஒங்க அண்ணன் கடலுக்குப் போனா நான் கரையில குந்திக்கினு கீறேன். வேற எனக்கு இன்னா தெரியும்?"

எனக்குத் தெரிந்த ஒரே வேலையைச் சொல்லிக் கொடுத்தேன். பெல்ட்டையும் புல்லியையும் மறுபடி கழுவித் துடைத்து மாட்டிவிட்டு, புல்லிகளுக்கு நடுவில் கட்டைவிரலால் அழுத்திக் காட்டினேன். அரை இன்ச் அமுங்க வேண்டும், அதற்கு மேல் போனால் பெல்ட் தளர்ந்துவிட்டது, எண்ணெயை முகப்புக் கட்டையில் வையுங்கள், இங்கே காய்ந்த விரலால் தினமும் அழுத்திப் பாருங்கள் என்றேன். அக்கா விரலைப் புடவையில் நன்றாகத் துடைத்துக்கொண்டு அழுத்தினார். இவ்வளவு போதுமா என்று இரண்டு முறை கேட்டார்.

திரும்பும்போது கேளம்பாக்கம் வரை நடக்க வேண்டியதாயிற்று. போக நினைப்பவர்களுக்குச் சொல்கிறேன்: குடையும் தண்ணீரும் எடுத்துக்கொள்ளுங்கள், திரும்பி வர வண்டி உண்டா என்று இறங்கும்போதே கேட்டுவிடுங்கள். பெல்ட் வழுக்கினால் புதுசு வாங்குவதற்கு முன்னால் பழையதைத் தொட்டு முகர்ந்து பாருங்கள். எண்ணெய் படுகிறதா என்று மட்டும் கேட்காதீர்கள், கிளம்பும் முன் என்னென்ன செய்வீர்கள் என்று கேளுங்கள்.

அதன் பிறகு அந்தோணி அண்ணன் கடைப் பக்கம் வரவே இல்லை. பெல்ட் சரியாகிவிட்டதா, படகை விற்றுவிட்டார்களா, வேறு ஏதாவதா? கோவளம் பக்கத்து ஆள் யார் வந்தாலும் கேட்க நினைப்பேன், பயமாக இருக்கும், கேட்க மாட்டேன். ஒரு வருஷத்துக்கு மேல் கழித்து, பழைய பெல்ட்டைத் தோளில் மாட்டிக்கொண்டு அவரே வந்து நின்றார். அந்தப் பெல்ட்டில் பளபளப்பு இல்லை, உழைத்துத் தேய்ந்திருந்தது. மறுபடி கடலில் நின்றுவிட்டதா என்று கேட்டேன்.

"இல்ல தம்பி, நல்லாத்தான் ஓடுச்சு. காலைல லூர்து அழுத்திப் பாத்துட்டு, விரலு ரொம்ப உள்ள போவுதுன்னுச்சு. இத்த மாத்தாம போவக்கூடாதுன்னு இன்ஜின் பொட்டி மேல ஏறிக் குந்திக்கிச்சு. இன்னும் அங்கதான் குந்திக்கினு கீது. சீக்கிரம் குடு."